மும்பை: பத்திரிகை ஓவியர் ஸ்டூடியோவின் பழைய நெகட்டிவ்கள் – வாங்கலாமா, எப்படிப் பிரிப்பது?

மாட்டுங்கா_ரவி

கிர்காவில் ஒரு பத்திரிகை ஓவியரின் ஸ்டூடியோவைக் காலி செய்கிறார்கள். 1940களின் கடைசியிலிருந்து 70கள் வரை மராத்தி தீபாவளி மலர்களுக்கும் வாரப் பத்திரிகைகளுக்கும் கதைப்படமும் அட்டைப்படமும் போட்டவர். ஓவியங்களைக் குடும்பமே வைத்துக்கொள்கிறது. நெகட்டிவ்களை மட்டும் மொத்தமாகத் தரச் சம்மதம்.

இருப்பது: இரண்டு தகர டிரங்க், ஒரு மரப்பெட்டி. டிரங்குகளில் பழுப்புக் கவர்கள், ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் ஓர் எண். பெரும்பாலும் 120 என்ற அகல ரோல் ஃபிலிம், கொஞ்சம் 35 எம்எம், கால் பிளேட், அரை பிளேட் அளவில் ஷீட் ஃபிலிம் (ரோலாக இல்லாமல் தனித்தனி ஷீட்டாக வருவது). மரப்பெட்டியில் கண்ணாடித் தகடுகள். ஒரு டிரங்கைத் திறந்ததும் புளித்த வாடை அடிக்கிறது. பழைய பேப்பர், கழிவு வாங்கும் ரத்திக்காரர் ஒருவரும் கிலோ கணக்கில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எதை முதலில் பார்க்க வேண்டும்? நல்ல படங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதாதா? மழை தொடங்குவதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இருட்டறை

ரவி சார், ரத்திக்காரர் கேட்பது வெள்ளிக்காக. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமாக நிற்பதே வெள்ளிதான். பழைய எக்ஸ்ரே வாங்கும் அதே ஆட்கள் இதையும் வாங்கிக் கரைத்துவிடுவார்கள். எனவே அவர் சொன்ன விலைதான் அடிமட்டம். அதற்கு மேல் நீங்கள் கொடுப்பது படத்துக்கு இல்லை, வரிசைக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

ஓவியர் ஸ்டூடியோ நெகட்டிவ் என்பது பெரும்பாலும் பார்த்து வரைவதற்காக எடுத்தது, போட்டோகிராஃபர் நெகட்டிவ் மாதிரி இல்லை. தனியாக எடுத்துப் பார்த்தால் சப்பென்று இருக்கும். வெற்றுச் சுவர், ஒற்றை விளக்கு, யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். அடுத்த பிரேமில் கை மட்டும். அதற்கடுத்ததில் துணி மடிப்பு மட்டும். மூன்றையும் அச்சான படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் உடம்பு ஒரு நெகட்டிவிலிருந்தும் கை இன்னொன்றிலிருந்தும் வந்தது தெரியும். கவரைப் பிரித்துப் பொறுக்கினால் அந்தத் தொடர்பு போய்விடும், மிச்சம் இருப்பது பெயர் தெரியாத ஆள் ஒருவர் கையை நீட்டும் படம்.

உள்ளே என்னென்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பிரிப்பது எளிது. போஸ் படங்கள் பெரும்பாலும் 120இல் இருக்கும். முடிந்த ஓவியத்தையே படமெடுத்த காப்பி நெகட்டிவ்கள் ஷீட் ஃபிலிமில் இருக்கும். ஓரத்தில் டிராயிங் பின், ஸ்கேல், சில சமயம் சாம்பல் நிறப் பட்டை தெரியும். மூன்றாவது, அச்சுக்கு உலோகத் தகடு செய்யும் பிளாக் மேக்கரிடமிருந்து திரும்பி வந்த லைன் நெகட்டிவ் (வெறும் கோடுகள்), ஹாஃப்டோன் நெகட்டிவ் (சாம்பல் நிறங்களைப் புள்ளிகளாக உடைத்தது). நடுச் சாம்பலே இருக்காது, முழுக் கறுப்பு அல்லது முழுத் தெளிவு. சிவப்பு அல்லது கறுப்பு மையால் ஓட்டைகளை அடைத்திருப்பார்கள். ஹாஃப்டோனாக இருந்தால் லூப்பை (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். 65 முதல் 85 என்றால் செய்தித்தாள் ரகத் தாளுக்குச் செய்தது, 120 அல்லது 133 என்றால் ஆர்ட் பேப்பர் அட்டைக்கு.

இந்த மூன்றாவது ரகத்தைத்தான் குப்பை என்று எல்லோரும் முதலில் ஒதுக்குவார்கள். அசல் ஓவியம் காணாமல் போயிருந்தால் அச்சுக்குப் போன வடிவத்துக்கு அது ஒன்றுதான் சாட்சி.

செம்பூர்_கெமிஸ்ட்

வரிசை எல்லாம் பிறகு. முதலில் அந்த வாடை.

வினிகர் வாடை என்றால் ஃபிலிமின் அடித்தளமான அசிட்டேட் பிளாஸ்டிக் சிதைகிறது. மூக்கைக் குத்தும் காரமான அமில வாடை, கூடவே கற்பூர வாடை கலந்திருந்தால் அடித்தளம் நைட்ரேட்டாக, அதாவது எளிதில் தீப்பிடிக்கும் பழைய ரகமாக, இருக்கலாம் (நைட்ரேட்டை வளையவைக்கக் கற்பூரம் சேர்ப்பார்கள்). இரண்டுக்கும் நடவடிக்கை வேறு வேறு.

டிரங்கை வெயில் படாத, காற்றோட்டமான பால்கனிக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். பக்கத்தில் பீடி, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் வேண்டாம். நைட்ரைல் கையுறை போடுங்கள். பிறகு கவர் கவராக, வரிசை மாறாமல், ஓரத்தை மட்டும் படியுங்கள்.

ஓரத்தில் "நைட்ரேட்" என்றோ "சேஃப்டி" (அப்படித் தீப்பிடிக்காத அசிட்டேட் ரகம்) என்றோ ஆங்கிலத்தில் இருந்தால் அநேகமாக முடிந்தது. அநேகமாக என்று சொல்லக் காரணம், நைட்ரேட் நெகட்டிவை சேஃப்டி ஃபிலிமில் நகலெடுத்தால் இரண்டு எழுத்தும் தெரியும். ஒன்று ஃபிலிமின் சொந்த எழுத்து, இன்னொன்று நகலில் படமாக விழுந்தது.

எழுத்தே இல்லாவிட்டால் ஷீட் ஃபிலிமின் மூலையில் உள்ள வெட்டுக்குறியைப் பாருங்கள். 1949க்கு முந்தைய கோடாக் ஷீட்டில் ஓரத்திலிருந்து முதல் வெட்டு முக்கோணமாகக் கூராக இருந்தால் நைட்ரேட், அடி உருண்டையாக இருந்தால் சேஃப்டி. கோடாக் நைட்ரேட்டை நிறுத்திய ஆண்டுகளும் உதவும்: 35 எம்எம் ஸ்டில் ஃபிலிமில் 1938, போர்ட்ரெயிட், கமர்ஷியல் ஷீட் ஃபிலிமில் 1939, ஃபிலிம் பேக்கில் 1949, 616, 620 போன்ற ரோல்களில் 1950, சினிமா ஃபிலிமில் 1951. மற்ற கம்பெனிகளுக்கு இதே ஆண்டுகளைப் பொருத்தாதீர்கள்.

பம்பாய் என்பதால் ஒரு எச்சரிக்கை. சினிமா ஷூட்டிங்கில் மிஞ்சிய துண்டு ஃபிலிமை ஸ்டில் கேமராவில் ஏற்றியிருக்கலாம். அதைத் துளையை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஸ்டில் ஃபிலிமின் துளை முனை மழுங்கிய நீள்சதுரம். சினிமா கேமரா நெகட்டிவின் துளை பக்கவாட்டில் பீப்பாய் மாதிரி வளைந்திருக்கும். வளைந்த துளையும் 1951க்கு முந்தைய படமும் சேர்ந்தால் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிச் சினிமா ஃபிலிம் கிடைத்தால் கோடாக் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகளும் இருக்கும். அவை ஃபிலிம் தயாரான ஆண்டைச் சொல்பவை. 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால் 1948ஆ 1968ஆ என்பதைப் படத்தில் உள்ள மற்ற விஷயங்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

தாராவி_அண்ணாச்சி

இவ்வளவு பாடு எதுக்கு? ஓரத்துல ஒரு துண்டை நறுக்கி வெளிய வச்சு கொளுத்திப் பாத்தா தெரிஞ்சிரும்லா. குபீர்னு பிடிச்சா நைட்ரேட்டு, உருகி அணைஞ்சா சேஃப்டி.

செம்பூர்_கெமிஸ்ட்

அண்ணாச்சி, பலன் சரிதான். ஆனா நறுக்குகிற ஓரத்தில்தான் எழுத்தும் வெட்டுக்குறியும் இருக்கு, அதையே எரிச்சா எப்படி? நூத்துக்கணக்கான ஷீட்டுக்கு இது வழியும் இல்ல. கந்தக அமிலத்தில் கரைத்த டைஃபீனைலமீன் ஒரு சொட்டு விட்டால் நைட்ரேட் கருநீலமாகும், அதுவும் லேப்பில் செய்கிற வேலை. ஓரம் எதுவும் சொல்லாத சில ஷீட்டுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ரவிக்கு: நைட்ரேட் சிதைவு இப்படிப் போகும். முதலில் மஞ்சள் பாய்ந்து படம் வெளிறும். பிறகு பிசுபிசுத்து ஒட்டும். பிறகு குமிழி. கடைசியில் பழுப்புப் பொடி. பிசுபிசுப்பு நிலையைத் தாண்டியதைத் தனியாக எடுத்துவிடுங்கள். எரிய ஆரம்பித்தால் தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே தந்துகொள்ளும், மூடி அணைக்க முடியாது. நன்றாகச் சிதைந்தது குவியலாகக் கிடந்தால் 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே தானாகப் பற்றக்கூடும். தகரக் கூரைக்குக் கீழே பரணில், மூடிய டிரங்கில் மே மாதச் சூட்டை யோசித்துப் பாருங்கள். 2003இல் புனேயில் நைட்ரேட் சினிமாப் பிரதிகள் இருந்த கிடங்கு எரிந்தது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே.

அதற்காகப் பயந்து மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டாம். 1940களின் கடைசியில் தொடங்கிய ஸ்டூடியோ என்றால் பெரும்பகுதி அசிட்டேட்டாகத்தான் இருக்கும்.

மாட்டுங்கா_ரவி

நன்றி சார். போய்ப் பார்த்தேன். வாடை வினிகர்தான், ஒரு டிரங்கில் மட்டும். சில ஷீட்டுகள் வாய்க்கால் வெட்டியது போல வரிவரியாகச் சுருங்கியிருக்கின்றன. சிலவற்றில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, பூஞ்சை என்று நினைக்கிறேன். துடைக்கலாமா?

செம்பூர்_கெமிஸ்ட்

துடைக்காதீர்கள். முதலில் 10 மடங்கு லூப்பில் பாருங்கள். வேர் மாதிரி கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஊசி ஊசியாகவோ இலை இலையாகவோ நின்றால் அசிட்டேட்டை வளையவைக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் வெளியேறி உறைந்த படிகம். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வரிவரியாகச் சுருங்குவதற்குக் காரணம், அடித்தளம் சுருங்குகிறது, மேலே படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு சுருங்கவில்லை. போக இடமில்லாமல் மேடு தட்டுகிறது. இது திரும்பாது, இஸ்திரி போடுகிற யோசனை எல்லாம் வேண்டாம். நீலம் அல்லது இளஞ்சிவப்புத் திட்டுகளும் தெரியலாம். ஃபிலிமின் பின்பக்கம் பூசிய சாயம் அமிலத்தில் மறுபடி நிறம் பெறுகிறது, அவ்வளவுதான்.

சிதைவை அளக்க ஏ-டி ஸ்ட்ரிப் என்று அமிலத்துக்கு நிறம் மாறும் தாள் பட்டை உண்டு. கவரோடு மூடிய பையில் அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்தால் நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள் என்று மாறும். அளவு 0 முதல் 3 வரை. 1.5ஐத் தொட்டுவிட்டால் சிதைவு தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும் கட்டம். அதைத் தாண்டியவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஒன்றிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் நன்றாக இருப்பதையும் கெடுக்கும்.

ஃபோர்ட்_வியாபாரி

நான் விற்கிற பக்கம். கொஞ்சம் நடைமுறை பேசலாமா? சோர் பஜார் பழம்பொருள் சந்தையில் யாரும் கவர் வரிசை பார்த்து வாங்குவதில்லை. ஆள் முகம், பழைய கார், சினிமா நடிகை ஜாடை, இவைதான் விற்கும். முழு லாட்டில் பத்தில் ஒன்று அப்படி இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மீதியை ரத்திக்கே விட்டுவிட்டால் செலவு கையில் வந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினால் வைக்க இடம் வேண்டும், கவர் வாங்கவே தனியாகப் பணம் வேண்டும். மும்பை வீட்டில் இடம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

தாதர்_வாசகி

வியாபாரி சார் சொல்கிற கணக்கு சோர் பஜாருக்குச் சரி. ஆனால் வாங்குபவர் வேறு ஆள் என்றால் கணக்கும் மாறும். ஆய்வாளரோ மியூசியமோ கேட்கிற முதல் கேள்வி "எந்த இதழில் வந்தது?" என்பது. அதற்குப் பதில் சொல்லக்கூடிய கவர் ஒன்று, பதில் இல்லாத நூறு முகங்களைவிட மேல்.

ரவி, குடும்பத்திடம் நெகட்டிவைவிட அவசரமாகக் கேட்க வேண்டியது பில் புத்தகம், டைரி, வவுச்சர் கட்டு. கவர் மேல் இருக்கும் எண் வேலை எண்ணாக இருந்தால், பில் புத்தகத்தில் அதே எண்ணுக்கு எதிரே பத்திரிகையின் பெயரும் தேதியும் இருக்கும். ஸ்டூடியோ காலி செய்யும்போது நெகட்டிவை யாராவது எடுப்பார்கள், பில் புத்தகம் அன்றைக்கே கழிவுத் தாளில் போய்விடும்.

எண்ணை நம்பும் முன் சோதியுங்கள். மூன்று கவர்களை எடுத்து மூன்றும் தேதி வரிசையில் வருகின்றனவா பாருங்கள். எண் ஓடுகிறது, தேதி ஓடவில்லை என்றால் அது வேலை எண் இல்லை, பிற்பாடு யாரோ அடுக்கியபோது போட்டது.

பில் கிடைக்காவிட்டால் இதழிலிருந்துதான் தேட வேண்டும். மராத்தி தீபாவளி மலர் மரபு 1909இல் 'மனோரஞ்சன்' தொடங்கிவைத்தது. நூற்றுக்கணக்கான மலர்கள், அதனால் கண்டபடி புரட்டினால் வாழ்நாள் போதாது. தாதர் மும்பை மராத்தி கிரந்த சங்கிரகாலயத்தில் ஓவியரின் கையொப்பம் உள்ள இதழ்களை முதலில் பட்டியல் போடுங்கள். பிறகு நெகட்டிவிலிருந்து இதழுக்குப் போகாமல், இதழிலிருந்து நெகட்டிவுக்கு வாருங்கள். ஓவியத்தில் மாறாமல் வருவது முகம் இல்லை. கைவிரல் அமைப்பு, நாற்காலியின் சாய்வு, வேட்டி மடிப்பு விழும் இடம். முகத்தை ஓவியர் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடுவார்.

இடவல மாற்றத்தையும் மறக்கக் கூடாது. நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரில் அதை வைத்துத் தாளில் வெளிக்கோடு எடுக்கும்போது திருப்பி வைத்தால் படம் கண்ணாடிப் பிம்பமாகிவிடும், சில சமயம் பக்க அமைப்புக்காக வேண்டுமென்றே திருப்புவார்கள். சட்டைப்பை இடது மார்பில் இருக்கிறதா, ஆண் சட்டையின் பொத்தான் பக்கம் சரியா என்று பாருங்கள். புடவை முந்தானையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். குஜராத்திக் கட்டில் முந்தானை வலது தோளுக்கு மேல்தான் வரும், திருப்பாமலே அப்படித் தெரியும்.

இருட்டறை

வாசகி மேடம் சொன்னதோடு இன்னும் ஒன்று. 120இல் 6×6 எடுத்தால் ரோலுக்கு 12 பிரேம், 6×9 என்றால் 8. கவரில் 9 பிரேம்தான் இருக்கிறது என்றால் மூன்று வேறு கவரில் இருக்கும். மூன்று மூன்றாக வெட்டிய துண்டுகளின் வெட்டு முனைகளை லைட் பாக்ஸில் நேருக்கு நேர் வையுங்கள். கத்தரி நேராகப் போகவே போகாது. ஒன்றின் சாய்வும் மற்றதன் சாய்வும் பொருந்தினால் அடுத்தடுத்த துண்டு. ஓவியர் எந்தப் போஸிலிருந்து எந்தப் போஸுக்குப் போனார் என்பது இப்படித்தான் கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கும் தடயம் உண்டு: ஓரத்தில் சின்ன வெட்டு, மைப்புள்ளி, என்லார்ஜர் கேரியர் அழுத்திய தடம்.

டிரங்கிலிருந்து எடுக்கும் முன் அடுக்கு அடுக்காக மேலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது எண் பெட்டி, கவர், பிரேம் என்று போகட்டும்: 1-042-07 போல. பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் எழுதுங்கள். புதுக் கவரில் நெகட்டிவைப் போடும் முன்பே 2பி பென்சிலால் எழுதிவிட வேண்டும். போட்ட பிறகு பால்பாயின்டால் எழுதினால் அழுத்தம் உள்ளே படத்தில் விழும்.

கிங்ஸ்_சர்க்கிள்

பழைய பழுப்புக் கவரை என்ன செய்வது? அமிலத் தாள் என்று தூக்கிப் போடச் சொல்கிறார்களே.

இருட்டறை

நெகட்டிவை அதிலிருந்து எடுங்கள், கவரைத் தூக்கிப் போடாதீர்கள். இரு பக்கமும் ஸ்கேன் செய்து, தனி உறையில், வேறு பெட்டியில் அதே எண்ணில் வையுங்கள். பழைய கவரின் கெடுதல் பெரும்பாலும் ஒட்டுப் பசையால் வருவது. நடுவில் பசைக்கோடு இருந்தால் அதற்கு நேரே நெகட்டிவில் மஞ்சள் கோடு விழுந்திருக்கும்.

புதுக் கவருக்கு நாலு மடிப்பு, பசை இல்லாதது. கேட்க வேண்டிய சான்று ஐஎஸ்ஓ 18916, போட்டோவுக்குக் கெடுதல் செய்யுமா என்ற சோதனை. பட்டர் பேப்பர் வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிவிசி உறை அறவே வேண்டாம். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் சரி, ஆனால் வினிகர் வாடை அடிப்பதற்குத் தாள் கவர்தான், ஆவி வெளியே போக வேண்டும்.

மாட்டுங்கா_ரவி

பட்டர் பேப்பரில் சுற்றிய ஒரு கட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாக இருக்கிறது. தண்ணீரில் ஊறவைக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

செம்பூர்_கெமிஸ்ட்

வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுவது: பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். ஊறவைத்தால் படம் தண்ணீரோடு போகும். பூஞ்சை இருந்தால் தண்ணீர் கூடாது. பென்சில் ரீடச், சிவப்பு மை இருந்தாலும் கூடாது, அந்த மை தண்ணீரில் கரைவது. நைட்ரேட் என்றாலும் கூடாது.

இந்த மூன்றும் இல்லை என்று உறுதியானால் மட்டும், ஒரு மூலையை நனைத்துப் பார்த்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் 20 டிகிரிக்கு மேல் போகாமல், ஃபோட்டோஃப்ளோ (தண்ணீரைச் சீராகப் பரவவைக்கும் திரவம்) 200க்கு 1 பங்கு. மும்பையில் குழாய்த் தண்ணீரே 28க்கு வந்துவிடும், ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் கட்டித் தொட்டியில் போட்டுக் குளிர்விக்க வேண்டும். சூடானால் ஜெலட்டின் ஊதிப் பிய்ந்துவிடும். அரை மணியிலிருந்து சில மணி நேரம். தானாக விலகினால் எடுங்கள், இழுக்காதீர்கள்.

சாதாரண அழுக்கு, விரல் ரேகைக்கு: பளபளப்பான பின்பக்கத்தில் மட்டும் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சில் தொட்டு ஒரே திசையில். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சம் தண்ணீர். பிரின்சஸ் தெருவில் லேப் கெமிக்கல் விற்கும் கடைகளில் 99 கேளுங்கள், சிலிகா ஜெல்லும் அங்கேயே வாங்கலாம். மங்கிய பக்கம் எமல்ஷன், அதாவது படம் இருக்கும் ஜெலட்டின் பூச்சு, அதற்கு ஊதுபந்து மட்டும். ஓரத்தில் நீலமாகக் கண்ணாடி போல மின்னினால் அது வெள்ளி மேலே வந்தது, துடைத்தால் படத்தின் வெள்ளியும் சேர்ந்து போகும்.

தாராவி_அண்ணாச்சி

கண்ணாடித் தகடை என்ன செய்யணும்? அதுதான் கனம் ஜாஸ்தி.

இருட்டறை

படுக்கையாக அடுக்காதீங்க, அடியில் இருப்பது விரிசல் விடும். நீளப் பக்கம் கீழே வரும்படி நிறுத்தி வைக்கணும், ஒவ்வொன்றுக்கும் நாலு மடிப்புக் கவர், நடுநடுவே கெட்டி அட்டை. பருத்திக் கையுறை வழுக்கும், நைட்ரைல்தான். எமல்ஷன் செதில் செதிலாக உயர்ந்திருந்தால் ஸ்கேனரில் கவிழ்க்கக் கூடாது, லைட் பாக்ஸில் எமல்ஷன் மேலே பார்க்க வைத்துக் கேமராவில் எடுத்துத் திருப்பிக்கொள்ளலாம்.

கிங்ஸ்_சர்க்கிள்

ஸ்கேன் பற்றி. எப்சன் வி600 ஸ்கேனரில் 35 எம்எம், 120 வரைதான் நெகட்டிவுக்குப் பின்னொளி கிடைக்கும். அரை பிளேட் 4¾ × 6½ அங்குலம், அதற்கு வி800 அல்லது வி850 வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் டிபிஐயை (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) பார்த்து மயங்க வேண்டாம், வி850 உண்மையில் கொடுப்பது 2300 பக்கம்தான். 6×6க்கு 2400 வைத்தால் பக்கத்துக்கு சுமார் 5300 பிக்சல், 16 பிட் கிரேஸ்கேல் டிஃப் ஒன்று 56 எம்பி ஆகும். 6400 வைத்தால் ஃபைல்தான் பெருக்கும்.

தூசி நீக்கும் டிஜிட்டல் ஐஸை அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது. வெள்ளி அந்த ஒளியையும் மறைப்பதால் படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கும்.

கேமராவில் எடுத்தால் வேகம் அதிகம். மேக்ரோ லென்ஸ், சிஆர்ஐ (ஒளியின் நிறத் தர அளவு) 95க்கு மேலான எல்இடி பலகை, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா. நெகட்டிவைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் ஒளியை மறைக்காவிட்டால் படம் வெளுத்துப்போகும். 24 மெகாபிக்சல் முழு பிரேம் கேமராவில் 6×6ஐ நிரப்பினால் சுமார் 1800 பிபிஐ கிடைக்கும், பட்டியலுக்கும் இதழோடு ஒப்பிடுவதற்கும் தாராளம். ஸ்டாண்டு, லைட் பலகை எல்லாம் ஃபோர்ட் போரா பஜாரில் பார்க்கலாம்.

எப்படி எடுத்தாலும் ஓரத்தைக் கத்தரிக்காமல் முழுசாக எடுங்கள். எழுத்து, வெட்டுக்குறி, சிவப்பு மை எல்லாம் அங்கேதான். ஷீட் ஃபிலிமை நிமிர்த்திப் பிடித்தால் வெட்டுக்குறி வலது மேல் மூலையில் இருக்கும்போது எமல்ஷன் உங்களைப் பார்க்கிறது. இதை வைத்து எல்லாவற்றையும் ஒரே பக்கமாக எடுத்தால் இடவலக் குழப்பம் வராது.

ஃபோர்ட்_வியாபாரி

சரி, வாங்கி ஸ்கேன் செய்தாகிவிட்டது. பிரின்ட் போட்டு விற்கலாமா? நெகட்டிவ் கையில் இருந்தால் உரிமையும் நம்முடையது என்றுதானே எல்லோரும் செய்கிறார்கள்.

தாதர்_வாசகி

எல்லோரும் செய்கிறார்கள், சட்டம் அப்படி இல்லை. பொருள் வேறு, பதிப்புரிமை வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி போட்டோவின் ஆசிரியர் அதை எடுத்தவர். காசு கொடுத்து வெளி போட்டோகிராஃபரை எடுக்கச் சொல்லியிருந்தால் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்ன ஓவியரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு இருந்த உதவியாளர் எடுத்திருந்தாலும் பொதுவாக அப்படியே. ஆக அநேகமாக உரிமை இப்போது குடும்பத்திடம்.

போட்டோவுக்கு முன்பு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்று தனிக்கணக்கு இருந்தது. 2012 திருத்தத்தில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள், மற்ற படைப்புகள் போல ஆசிரியர் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். ஆனால் 1958க்கு முன் எடுத்தவற்றுக்குப் பழைய சட்டத்தையும் பார்க்க வேண்டும். அதில் நெகட்டிவ் உண்டானபோது அதன் சொந்தக்காரர் யாரோ அவரே ஆசிரியர். வக்கீலிடம் போகும்போது இந்த இரண்டு கட்டத்தையும் பிரித்துக் கொண்டுபோங்கள்.

குடும்பத்திடம் இரண்டு தாள் வாங்குங்கள். ஒன்று நெகட்டிவ் என்ற பொருளை விற்றதற்கு. இன்னொன்று வெளியிட அனுமதி. அந்த இரண்டாவதில் எத்தனை ஆண்டு, எந்த நாடு என்று எழுதாமல் விட்டால் சட்டம் 5 ஆண்டு, இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். எழுதி வாங்காத வாய்ப்பேச்சு செல்லாது. காப்பி நெகட்டிவில் இருக்கும் ஓவியத்துக்குத் தனி உரிமை, அதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

போஸ் கொடுத்தவர்கள் தொழில்முறை மாடல்களாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுப் பெண், ஸ்டூடியோப் பையன் என்று யாராகவும் இருக்கலாம். அரைகுறை உடையில் படிப்புக்காக எடுத்த போஸ்களை ஆன்லைனில் போடும் முன் குடும்பத்திடம் கேளுங்கள், சந்தேகம் இருந்தால் போடாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கண்ணாடித் தகடு ஏதாவது இருந்து வெளிநாட்டில் கேட்டால், 1972 தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுங்கா_ரவி

மொத்தமாகவே எடுக்கிறேன். வைப்பதற்கு ஒரு படுக்கையறை அலமாரிதான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை எப்படிச் சமாளிப்பது?

செம்பூர்_கெமிஸ்ட்

அலமாரி வெளிச்சுவரில் சாயக் கூடாது, மும்பைக் கட்டடத்தில் மழைக்கு ஈரம் ஏறும் சுவர் அதுதான். நல்ல நிலையில் உள்ளவற்றுக்கு எலக்ட்ரானிக் டிரை கேபினட், 40 சதவீத ஈரப்பதத்தில். 30க்குக் கீழே விட்டால் ஜெலட்டின் வறண்டு சுருளும், 60க்கு மேலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சிலிகா ஜெல் போதும் என்பவர்கள் ஆரஞ்சு நிறம் பச்சையானதும் மாற்ற வேண்டும், அது 120 டிகிரி அடுப்பில் காய்ந்து மறுபடி ஆரஞ்சாகும். பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர் இல்லாமல் சிலிகா ஜெல் வைப்பது வெறும் சடங்கு.

வினிகர் ரகத்தை இந்தக் கேபினட்டில் வைக்காதீர்கள். அதற்கு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரீசர்தான் வழி. கவர்கள் அட்டைப்பெட்டிக்குள், அட்டைப்பெட்டி இரண்டு ஜிப் பைகளுக்குள், இரண்டு பைக்கும் நடுவே ஈரப்பதம் காட்டும் அட்டை. அட்டை நிறம் மாறினால் வெளிப்பை ஓட்டை. வெளியே எடுத்தால் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நெகட்டிவ் மேலேயே வியர்க்கும்.

மீன் வைக்கிற ஃப்ரீசரில் வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வைக்கலாம், வீட்டில் சண்டை வராவிட்டால்.

தாராவி_அண்ணாச்சி

நைட்ரேட்டு ரெண்டு மூணு ஷீட்டு கிடைச்சா? சென்னையில ஒரு சேகரிப்பாளர் கேக்காரு, கூரியர்ல போட்டுரலாமா?

செம்பூர்_கெமிஸ்ட்

கூடாது அண்ணாச்சி. நைட்ரேட் ஃபிலிம் ஆபத்துப் பொருள் பட்டியலில் யுஎன் 1324, வகுப்பு 4.1, எரியக்கூடிய திடப்பொருள். சாதாரணப் பார்சலில் "பழைய போட்டோ" என்று எழுதிப் போட்டால் பிளேனில் ஏறிவிடும், அது குற்றம். ஆபத்துப் பொருள் எடுக்கும் அனுமதி உள்ள கம்பெனி மூலம்தான். அவருக்கு ஸ்கேன் அனுப்புங்க. ஷீட்டை ஒவ்வொன்றாகத் தாள் கவரில், காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில், மற்றவற்றிலிருந்து தள்ளி, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வைக்கணும். பிசுபிசுத்துப் போனது ரத்திக்கும் வேண்டாம், குப்பைக்கும் வேண்டாம், ஆபத்துக் கழிவு எடுக்கிறவர்களிடம்தான் போகணும்.

தாதர்_வாசகி

ரவி, பில் புத்தகம் கிடைத்ததா என்று மட்டும் இங்கே எழுதுங்கள். எண்கள் பொருந்தினால் இதழ்ப் பட்டியலை ஆளுக்கு ஒரு பத்தாண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். 1950கள் எனக்கு.